பொன்னழகு வீட்டில் எத்தனை ஓட்டு

பொன்னழகு என் எதிர்க்கட்சிக்காரன். முப்பது வருஷமாக எங்கள் வாக்குச்சாவடியில் அவன் கட்சிக்கு அவனும் என் கட்சிக்கு நானும் ஏஜென்டாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசித்ததும், பொன்னழகு வந்த ஆளின் முகத்தைப் பார்ப்பான், பட்டியலில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான். ஆயிரம் முகம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். மற்ற நாட்களில் அவன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு எடை போடுகிறவன். நான் சைக்கிள் கடை முகமது பாரூக். அவன் மனைவி சூர்யகலா என்னை அண்ணே என்பாள், அதனால் அவன் எனக்கு மாப்ள.

தேர்தல் நாளில் சூர்யகலா சரியாக நாலு மணிக்குத்தான் வருவாள். பூக்கட்டும் வேலையை முடித்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். அதுவரை பொன்னழகும் ஓட்டுப் போடாமல் காத்திருப்பான். பட்டியலில் அவள் நானூற்றுப் பன்னிரண்டு, அவன் நானூற்றுப் பதிமூன்று. யாருக்குப் போட்டாள் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. "எங்க பாரூக் அண்ணன் மூஞ்சியப் பாத்ததும் கை தானா அந்தப் பக்கம் போயிருச்சு" என்று அவனை வெறுப்பேற்றுவாள். இரண்டு நாள் உர்ரென்று திரிவான்.

போன பொதுத்தேர்தலிலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு போனாள். பதினொன்றாம் நாள் காலையில், பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாள். குளிப்பாட்டிக் கிடத்தியபோதும் இடதுகை விரலில் மை அப்படியே இருந்தது. பொன்னழகு அந்த விரலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே மகள் திருப்பூரில் இருந்து வந்து, காரியம் முடிந்ததும் போய்விட்டாள்.

பட்டியலில் இருந்து பெயரை நீக்க, எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியல் வேலையையும் பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் படிவத்தோடு வந்தார். "இறந்துட்டாங்கன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

"அப்பறம் பாத்துக்கலாம்மா."

மூன்று தடவை அப்படியே அனுப்பினான். தெருவில் யார் இறந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பெயரை அடிக்கச் சொல்கிறவன் அவன். ஆனால் சூர்யகலா செத்துவிட்டாள் என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜெயித்த எம்.பி.யும் கொஞ்ச நாளில் காலமானார். எம்.பி. இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் ஆள் போடவேண்டுமாம், இடைத்தேர்தல் வந்துவிட்டது. பொன்னழகு வீட்டில் காலியான இடத்துக்கு யார் தேதி குறிப்பது?

இடைத்தேர்தல் என்றாலே வெளியூர்ப் படை வந்து இறங்கிவிடும். என் கட்சியிலும் வந்தார்கள், நாங்கள் ஒன்றும் யோக்கியம் இல்லை. அவன் கட்சியில் எங்கள் பூத்துக்குப் பொறுப்பாளராகக் கண்ணன் என்று ஒருத்தன் காரில் வந்தான். வீடு வீடாகக் கணக்கெடுத்தவன் பொன்னழகிடமும் கேட்டான்.

"உங்க வீட்ல எத்தன ஓட்டுண்ணே?"

"ரெண்டு."

அது வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. முப்பது வருஷமாகச் சொன்ன பதிலை வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதை மாற்ற மனசும் வரவில்லை. நகல் எடுக்கவேண்டும் என்று இரண்டு வாக்காளர் அட்டையையும் வாங்கிப்போன கண்ணன், ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தான். தெருவில் விசாரித்தால் தெரியாதா, அவள் இல்லை என்று?

"போயி வாங்கிட்டு வா மாப்ள" என்றேன்.

"எலெக்சன் முடியட்டும் மாமா." கிறுக்குப் பய.

தேர்தல் அன்று நாலு மணி இருக்கும். பொன்னழகு இன்னும் ஓட்டுப் போடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. அலுவலர் வாசித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு. சூர்யகலா."

பொன்னழகு வெடுக்கென்று வாசல் பக்கம் திரும்பினான். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவள்தான் வந்துவிட்டாள் என்று ஒரு நொடி நம்பிவிட்டான், பாவி மனுஷன்.

மேசை முன்னால் யாரோ ஒரு பெண், கையில் சூர்யகலாவின் அட்டையோடு நின்றாள். ஆட்சேபம் சொல்லவேண்டியவன் நான். எதிர்க்கட்சிக் கள்ள ஓட்டைத் தடுக்கத்தானே என்னை உட்காரவைத்திருக்கிறார்கள்? ஆனால் அவள் போனதை அவனுக்கு எதிரில் வைத்து நான் எப்படிச் சொல்வேன்?

பொன்னழகு எழுந்தான். ஆட்சேபத்துக்குக் கட்டவேண்டிய இரண்டு ரூபாய்க் காசைச் சட்டைப்பையில் தேடி எடுத்து மேசையில் வைத்தான். தன் கட்சி கூட்டிவந்த ஓட்டை ஒருத்தன் ஆட்சேபித்து நான் அதுவரை கண்டதில்லை.

"என்ன காரணம்?" என்று தலைமை அலுவலரான அம்மா கேட்டார்.

பொன்னழகு அவள் கையில் இருந்த அட்டையைப் பார்த்தான். பிறகு சொன்னான், "அவ செத்துட்டா மேடம். அவ எம் பொண்டாட்டி."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "ஊர்ல இல்லாதவங்க அட்டைன்னுதாண்ணே குடுத்தாங்க, சத்தியமா எனக்குத் தெரியாது."

"அந்தம்மாவ அடிகிடி அடிச்சிராதீங்க" என்று, அவளைக் கூட்டிப்போக வந்த போலீஸ்காரரிடம் பொன்னழகு சொன்னான். அட்டைக்குக் கை நீட்டினான். வழக்குக்கு வேண்டும் என்று அலுவலர் அதை உறையில் போட்டு ஒட்டினார். அவன் கண் அந்த உறையை விட்டு நகரவில்லை. கண்ணன் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

ஆட்சேபம் சரிதான் என்று காசைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தை எழுதித்தரச் சொல்லி அலுவலர் ஒரு தாளை நீட்டினார். இத்தனை மாதம் தட்டிக்கழித்த அதே வார்த்தையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.

"உங்க வீட்ல வேற யார் ஓட்டாச்சும் இருக்காய்யா?"

"என்னோடது மட்டுந்தான் மேடம். எங்க வீட்ல ஒரு ஓட்டுதான்."

மணி நாலேகால். நானூற்றுப் பதிமூன்று என்று வாசித்தார்கள். அவன் தனியாகப் போய் மை வைத்துக்கொள்ள விரலை நீட்டினான். நான் ஸ்கேலை வைத்து அவன் பெயருக்கு மட்டும் கோடு போட்டேன்.