எனக்கு விழுந்த சொல் சப்லைம்

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவள் நான். காமர்ஸ்தான் கேட்டிருந்தேன். என் முறை வருவதற்குள் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. இங்கிலீஷ் எடுத்தால் டீச்சராகலாம் என்று வரிசையில் நின்ற யாரோ சொன்னார்கள். அப்பா தலையாட்டினார். நைனார்பாளையத்திலிருந்து தினமும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற ஆரம்பித்தேன்.

முதல் வருடத்தை கைடு புத்தகங்கள் தள்ளிவிட்டன. இரண்டாம் வருடம் வந்த மேடம் கைடை வகுப்புக்குள்ளேயே விடவில்லை. கவிதையை எங்களையே வாசிக்கச் சொல்வார். வரிக்கு இரண்டு சொல் தெரியாது. தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தால், அகராதி சொல்லும் பொருளிலும் தெரியாத சொல் இருக்கும். அதைத் தேடிப் போனால் அது முதல் சொல்லுக்கே கொண்டுவந்து விடும். எங்கள் ஊரில் புதுசாக வண்டி ஓட்டுகிறவர்கள் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்களே, அப்படி.

ஒருநாள் மேடம் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் மடித்த சீட்டுகளோடு வந்தார். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் உள்ள சொல்லோடு இரண்டு வாரம் இருக்க வேண்டும். பிறகு வகுப்பின் முன்னால் நின்று, தாளைப் பார்க்காமல், அந்தச் சொல்லைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். அகராதிப் பொருளை ஒப்பிக்கக் கூடாது, அந்தச் சொல்லை எங்கே பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டும் என்றார். சொல்லை எங்கே போய்ப் பார்ப்பது என்பது எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

எனக்கு வந்த சீட்டைப் பிரித்து 'சப்லிமே' என்று வாசித்தேன். மேடம், 'சப்லைம்' என்று திருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழிக்கு 'மண்டேன்' வந்தது. அவள் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வகுப்பில் எனக்கிருந்த ஒரே நெருக்கம் அவள்தான். இருவருக்கும் ஒரே அளவு ஆங்கிலம் தெரியும், அல்லது தெரியாது என்பதும் ஒரு காரணம்.

சப் என்று ஆரம்பித்ததால் கீழே உள்ள ஏதோ ஒன்று என்று நினைத்தேன். சப் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டருக்குக் கீழே. சப்வே, ரோட்டுக்குக் கீழே. நூலகத்தில் இருந்த பழைய அகராதியோ உன்னதம், மேன்மை, கம்பீரம் என்று எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய் வைத்திருந்தது. கீழே என்று தொடங்குகிற சொல் எப்படி மேலே போய் முடியும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

வீட்டில் அக்காவிடம் கேட்டேன். அக்கா கெமிஸ்ட்ரி முடித்தவள். சொல்லைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. "இது தெரியாதா? பதங்கமாதல். கற்பூரம் ஏத்துனா தண்ணியாவாம நேரா ஆவியா போய்க்கினு இருக்கும்ல, அதான்" என்றாள். அவளுடைய பழைய புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். 'சப்லிமேஷன்' என்றிருந்தது. அதே எழுத்துகள்தான், வாலில் மட்டும் கொஞ்சம் நீளம். உன்னதத்துக்கும் கற்பூரத்துக்கும் சாமி கும்பிடுவதில் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று தோன்றியது. அதை எழுதியும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேடத்திடம் கற்பூரத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அது வேறு துறை, இங்கே வேறு என்றார். அளவில் மிகப் பெரிதான ஒன்றைப் பார்க்கும்போது பயமும் மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் வரும், நம்முடைய அறிவு ஒரு நிமிடம் நின்றுவிடும், மலை முன்னால் நிற்கும்போது கவிஞர்களுக்கு அப்படித்தான் வந்தது என்றார். திருவிழாவில் ராட்டினம் ஏறினால் பயமும் சந்தோஷமும் சேர்ந்துதானே வருகிறது என்று கேட்டேன். அதற்கு 'த்ரில்' என்று வேறு சொல் இருப்பதாகச் சொன்னார். புயல்? புயலை ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆகலாம். வெளியே மாட்டிக்கொண்டால்? அப்போது அது 'டெரர்'. ஆக, பயப்பட வேண்டும். ஆனால் ஆபத்து இருக்கக் கூடாது. ஆபத்தே இல்லையென்றால் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது.

என் தோழியின் நிலைமை எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவள் சொல்லுக்கு அகராதி முதலில் உலகியல் என்றும், அடுத்து சாதாரணம், சலிப்பூட்டுவது என்றும் போட்டிருந்தது. உலகத்தைப் பற்றியது எப்படிச் சலிப்பானதாகும் என்று அவளுக்குப் புரியவில்லை. வகுப்பில் எழுந்து, "அப்ப ஒலகம்னாலே போருங்களா மேடம்?" என்று கேட்டேவிட்டாள். அது நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஒனக்கு மலைதானே வேணும். எங்க வூட்டாண்ட மலையைத் தவிர வேற ஒன்னுமே இல்ல. சனிக்கிழமை வா, வந்து பாத்துக்கோ."

அம்மாவிடம் அனுமதி வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. எதற்கு என்று கேட்டார். ஒரு வார்த்தைக்கு என்றேன். "வார்த்தைய பாக்க மலைக்கா போற?" என்று கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். காலேஜ் வேலை என்று அக்கா சொன்னதும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை தோழியோடு ஏறிய பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் பின்னால் போனதும், பயமும் மகிழ்ச்சியும் ஒன்றாக வருகிறதா என்று கவனமாகக் காத்திருந்தேன். நான்காவதோ ஐந்தாவதோ வளைவில் வந்தது வாந்தி. பின்சீட்டு அம்மா ஒருவர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, மூக்கருகே வைத்துக்கொள்ளச் சொன்னார். தோழி என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, "லைம் கெடைச்சிடுச்சு, இன்னும் சப்தான் பாக்கி" என்றாள். சிரிக்கவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். மலையேறும்போது பார்த்திருக்க வேண்டியது எதையும் பார்க்கவில்லை.

அங்கே போனால் மலையே இல்லை. மூட்டம் மூடியிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, ஒரு மலை இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று தோழி வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினாள். வீட்டை ஒட்டிய நிலத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் சாமை அறுப்பில் இருந்தார்கள். அறுத்த கட்டுகள் தூறலில் நனைந்துவிடுமோ என்பதுதான் அன்று அங்கே பேச்சு. நாங்கள் இருவரும் போய், கட்டுகளை மூட விரித்த தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்தோம். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது.

சாப்பிடும்போது அவள் அம்மாவிடம் கேட்டேன். மலையைப் பார்த்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா, சந்தோஷமாக இருக்குமா என்று.

"எந்த மலைய கேக்கற கண்ணு?" என்றார்.

பொதுவாக என்றேன். அவர் சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றியபடியே சொன்னார். வடக்குப் பக்கத்து மலையில் கரடி உண்டு, அங்கே தனியாகப் போகப் பயம். இந்தப் பக்கத்து மலையில் மாடு மேய்ப்பார்கள், ஒன்றும் பயமில்லை என்றார். சந்தோஷத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி அவரைச் சங்கடப்படுத்திவிட்டதோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். வழியில் அருவியில் இறங்கிப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கீழே போவதாகத் திட்டம். அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பெரிய சத்தம். குளிக்க வந்தவர்களும் போட்டோ எடுப்பவர்களுமாகக் கூட்டம். ஒரு குரங்கு யாருடைய சிப்ஸ் பாக்கெட்டையோ தூக்கிக்கொண்டு ஓடியது. நான் ஒரு பாறையில் நின்று தண்ணீரையே பார்த்தேன். செருப்பை வைத்த இடத்தில் அது இருக்கிறதா என்ற நினைப்பு நடுநடுவே வந்தது.

"வந்துச்சா?" என்றாள் தோழி, தும்மல் வந்ததா என்று கேட்பது போல.

"வரல."

"நல்லா பாரு."

நன்றாகத்தான் பார்த்தேன். அழகாக இருந்தது. அழகுக்கு வேறு சொல் இருக்கிறது, அது எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

சாயங்கால பஸ் நிற்காமல் போய்விட்டது. படிக்கட்டு வரை ஆள் தொங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்த ஒரு ஜீப்பில், பின்பக்கம் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார இடம் கிடைத்தது. இறங்க ஆரம்பித்ததும் மூட்டம் கீழே வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ரோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வண்டியில் இருந்தவர்கள் யாருடைய கல்யாணத்திலோ பந்தி சரியில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். என் தோழி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். கை மரத்துப்போனது.

ஒரு வளைவில் சட்டென்று மூட்டம் விலகியது. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் தரையே இல்லை. ரொம்பக் கீழே அணைத் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாண்டி, அடிவானம் வரைக்கும், அப்போதுதான் விளக்குப் போட ஆரம்பித்த ஊர்கள். அவற்றில் ஒன்று எங்கள் ஊராக இருக்கலாம். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அந்தச் சொல்லா, பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதியா, வீட்டைப் பார்த்துவிட்ட ஆசையா, அல்லது வெறும் பசியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோழியை உலுக்கினேன். அவள் கண் திறப்பதற்குள் மறுபடி மூட்டம் மூடிக்கொண்டது.

"இன்னாடி?" என்றாள்.

"ஒன்னுமில்ல, தூங்கு."

பேச வேண்டிய நாளில் மனப்பாடம் செய்துவைத்த முதல் வாக்கியம் மறந்துவிட்டது. மலைக்குப் போனேன், வாந்தி எடுத்தேன் என்று தொடங்கினேன். வகுப்பு சிரித்தது. பிறகு ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். பயந்தேன், மகிழ்ந்தேன், எது முதலில் என்று தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்த சிறிய ஆங்கிலத்தில் சொன்னேன். மலையைப் பார்த்து மகிழ்ந்தாயா, மலையை விட்டு இறங்குவதால் மகிழ்ந்தாயா என்று மேடம் கேட்டார். தெரியாது மேடம் என்றேன். ஜீப்பில் உண்மையிலேயே ஆபத்து இருந்ததால் அது சப்லைம் ஆகுமா என்பது சந்தேகம் என்றார். கடைசி பெஞ்சில் ஒரு பையன், டிரைவர் பழக்கப்பட்டவர், அதனால் ஆபத்து இல்லை, ஆகும் என்று வாதாடினான். மேடம் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

அடுத்து என் தோழி எழுந்தாள். "என் தோழி ஒரு பெரிய சொல்லைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள், எங்கள் மலை, எங்கள் அருவி, எங்கள் மூட்டம் எல்லாவற்றையும் கண்ணை விரித்துப் பார்த்தாள், அதே ஜீப்பில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அந்தத் தூக்கம்தான் மண்டேன்" என்றாள். சொன்னது அவ்வளவுதான். வகுப்பு கைதட்டியது. மேடம் பலகையில் அவள் வாக்கியத்தை எழுதிப்போட்டார்.

எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டாள் போல இருந்தது. என்ன எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாந்தியைச் சொன்னதுகூட நானேதான், அவள் இல்லை.

"கோவமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கோபத்துக்கு மேடம் கொடுத்திருந்த சொற்களே ஏழெட்டு இருக்கும். எதுவும் சரியாக உட்காரவில்லை. "எனக்கே தெரியலடி" என்றேன்.

அவள் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். ஹாஸ்டல் புளிசாதம். நான் என் டப்பாவில் இருந்த உருளைக்கிழங்கில் பாதியை அவளுக்குத் தள்ளினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது கீழே என்ன தெரிந்தது என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். வகுப்பில் சொன்னதைவிட அதிகமாக, தமிழில், சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, தான் எத்தனையோ தடவை அந்த வளைவில் போயிருந்தும் எந்த வளைவு என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை. மலையில் எல்லா வளைவுகளும் எனக்கு ஒன்று போலத்தான் இருந்தன.