எனக்குத் தெரிந்த ரெடியூஸ்

நான் கற்ற இங்கிலீஷ் சொற்களில் என்னை அதிகம் பயமுறுத்தியது ரெடியூஸ்தான். மழைநாளில் தேயிலைக் கொழுந்து ஈரம் என்று கணக்கெழுதும் கிராணி எடையில் கழிப்பது ரெடியூஸ். தோட்டத்தில் ஆளைக் குறைப்பதும் ரெடியூஸ். குழம்பைச் சுண்ட வைப்பதைக்கூட மருமகள் அப்படித்தான் சொல்கிறாள்.

போன மாத மழையில் சரிவில் வழுக்கி விழுந்து இடது தோள் மூட்டு இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கையைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு, சாயங்கால எடைவரை ஒற்றைக் கையால் கொழுந்தெடுத்தேன். என் வீட்டில் தோட்ட வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். பட்டியலில் என் பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

மருமகள் பார்த்துவிட்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தமிழ் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "ரெடியூஸ் பண்ணணும்" என்றார். மருமகளிடம் கேட்டேன்.

"கையைக் கொறைக்கப் போறாங்களா?"

"இல்லத்தே, எலும்பை உள்ள தள்றதுக்கும் அதான் பேராம். பேசாம இருங்க லா."

இழுத்துத் தள்ளினார்கள். நான் கத்தவில்லை. ஆனால் டாக்டர் ஆறு வாரம் லீவு எழுதியதும் எழுந்துவிட்டேன்.

"அதை ரெடியூஸ் பண்ணுங்க டாக்டர், ஒரு வாரம் போதும்."

"கொறைச்சா தோள் திரும்ப எறங்கிடும்மா" என்று சிரித்தார்.

மறுநாள் லீவுக் கடிதத்தை நானே ஆபீஸில் கொடுத்தேன். கிராணி படித்துவிட்டு, பேர்ப்பட்டியலில் ஏதோ கோடு போட்டார்.

"போய் ரெஸ்ட் எடுங்கம்மா."

பட்டியலின் எழுத்து எனக்குப் படிக்க வராது. லீவுக்குப் போட்ட கோடா, என் பேரை அடித்த கோடா என்று கேட்கப் பயந்து திரும்பிவிட்டேன். லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.