தூக்கத்தில் சொன்ன சரி

1. ஜன்னலில் வான்கோழி

கண் விழித்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு வான்கோழி நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. மதியம் ஒரு மணி இருக்கும். கடலூர் சிப்காட்டில் ராத்திரி சி ஷிப்ட் முடித்து, காலையில் சிதம்பரம் வீட்டுக்கு வந்து படுத்தவன் நான். படுக்கும்போது வான்கோழி கிடையாது.

எதிர்வீட்டு ஜெயமணி அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாருக்கா இத இங்க கட்டுனது?"

"நான்தான் தம்பி. ஊருக்குப் போறோம், வர்ற வரைக்கும் பாத்துக்கிறியான்னு கேட்டேன். பாய்ல படுத்துக்கினே 'சரிக்கா, பண்ணிடலாம்'னு சொன்னியே! தலைய வேற ஆட்டுன."

சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் "சரி, பண்ணிடலாம்" என்பது என் வாயிலிருந்து வருகிற வார்த்தைதான், மறுக்க முடியாது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் நான் கண்ணை மூடும்போதெல்லாம் அது கத்தும்.

புதிதாக ஷிப்ட் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

2. வாய் மட்டும் டூட்டியில்

நான் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் அட்டெண்டண்ட். பிளாண்டுக்கு ஸ்டீம் கொடுப்பது என் பொறுப்பு. அதில் முக்கியமான வேலை, கேஜ் கிளாஸைப் பார்ப்பது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. ஒரு வாரம் விடியற்காலை ஏ ஷிப்ட், அடுத்த வாரம் மத்தியானத்திலிருந்து பி, அதற்கடுத்த வாரம் ராத்திரி முழுக்க சி. உடம்புக்கு எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

எனக்கோ அதில் ஒரு கெத்து. "நாலு மணி நேரம் படுத்தா போதும்டா எனக்கு, தூக்கமெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்" என்று கேண்டீனில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். எங்கள் செக்‌ஷனில் சிவக்குமார் என்று ஒருவன். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் காதில் பஞ்சு வைத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவான். ஓவர்டைம் கேட்டால் "முடியாது சார், தூங்கணும்" என்று கூசாமல் சொல்வான். அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டம் வைத்தது நான்தான்.

என் வீடு கல்யாண மண்டபத்துக்குப் பின்பக்கம். முகூர்த்த நாளென்றால் காலையிலேயே நாதஸ்வரமும் மைக் செட்டும் ஆரம்பித்துவிடும். 2008 வாக்கில் மின்வெட்டு வேறு ஜாஸ்தி. நான் படுத்து அரைமணியில் ஃபேன் நிற்கும். ஆழ்ந்து தூங்கவே முடியாது. உடம்பு பாதித் தூக்கத்தில் கிடக்க, வாய் மட்டும் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கும். யார் எதைக் கேட்டாலும் சரி, பண்ணிடலாம்.

இந்த விஷயம் ஊருக்கே தெரிந்துபோனது. கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கும் குழுவுக்கு நான் தலைவனானது அப்படித்தான். மச்சான் சேவியர் சரியாகக் காலை பதினோரு மணிக்குத்தான் வருவான். "மாமா, வண்டிய எடுத்துக்கவா?" சரி, பண்ணிடலாம். சாயந்திரம் வண்டியைக் காணாமல் நான் தெருவெல்லாம் தேடுவேன்.

என் மனைவி லூர்து, அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு பிராஜெக்ட் டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஏ ஷிப்ட் வாரத்தில் எனக்குச் சோறு கட்ட விடியுமுன் எழுந்திருப்பாள். பி ஷிப்ட் வாரத்தில் நான் வந்து கதவைத் தட்டும்வரை விழித்திருப்பாள். அதை ஒரு விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

3. இன்டர்வியூ

கம்பெனியில் யுடிலிட்டி இன்சார்ஜ் என்று ஒரு போஸ்ட் போட்டார்கள். பாய்லர், கம்ப்ரஸர், கூலிங் டவர் எல்லாம் ஒரே ஆள் கையில். அதைவிடப் பெரிசு, அது ஜெனரல் ஷிப்ட். காலையில் போய்ச் சாயந்திரம் வந்துவிடலாம். இனி ராத்திரியில் வீட்டில் படுக்கலாம் என்று நினைத்தபோதே எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. எல்லாரையும்விட சீனியர் நான். சிவக்குமாருக்கு வேலை கற்றுக்கொடுத்தவனும் நான். "உங்களுக்குத்தாண்ணே" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டு வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. லுங்கியோடு வெளியே வந்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"என்னப்பா?"

"என்னாண்ணே இது, பி ஷிப்டுக்கு வரவேண்டிய ஆளு வரலன்னு நாகராஜன் சார் போன் பண்ணாராமே. நீதான வரேன்னு சொன்ன?"

நாகராஜன் எங்கள் ஷிப்ட் இன்ஜினியர். மொபைலை எடுத்துப் பார்த்தால் அவரோடு பேசியது உண்மைதான். பி ஷிப்டுக்குப் போனேன். அதோடு என் சொந்த சி ஷிப்டும் சேர்ந்துகொண்டது. விடிந்ததும் முகத்தில் தண்ணீர் அடித்து, மூன்று டீ குடித்து, அப்படியே இன்டர்வியூ அறைக்குள் போய் உட்கார்ந்தேன். உள்ளே ஏசி. நாற்காலியில் மெத்தை. அங்கேயே முடிந்தது என் கதை.

ஜெனரல் மேனேஜர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"கேஜ் கிளாஸ்ல தண்ணியே தெரியல. என்ன பண்ணுவீங்க?"

"சரி சார்."

"என்ன சரி?"

"பண்ணிடலாம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அருளப்பன், பாய்லர் வெடிக்கப் போகுதுங்க!"

"பண்ணிடலாம் சார்."

பக்கத்திலிருந்த நாகராஜன் சார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அந்த இருமலில்தான் நான் விழித்தேன். அதற்குள் மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆள் சிவக்குமார். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கி, குளித்து, விபூதி பூசி வந்திருந்தான். "மொதல்ல ஃபயர நிறுத்துவேன். தண்ணிய உடனே உள்ள விடமாட்டேன் சார்" என்றானாம். நான் சொல்லிக்கொடுத்த அதே பதில். வேலை அவனுக்குப் போனது. நான் பழையபடி சி ஷிப்டுக்குப் போனேன்.

4. பூட்டு

அன்று வீட்டுக்கு வந்து நாகராஜன் சாரைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், மண்டபத்தைத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லூர்து சொன்னாள்:

"ஊரே வந்து உங்ககிட்ட சரி வாங்கினு போவுது. நான் ஒண்ணாவது கேட்டிருக்கனா?"

யோசித்தேன். இல்லை.

"ஏன் கேக்கல?"

"தூங்குற ஆளுகிட்ட வாங்குற சரி எனக்கு எதுக்குங்க? முழிச்சினு இருக்கற ஆளு கெடைக்கட்டும், கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவளோ மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டாள். நான் படுத்ததும் வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, கொல்லைக் கதவின் சாவியை மட்டும் என் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். என் மொபைல் அவள் பையில் போகும். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து சேவியர் பஸ்ஸில் போகக் கற்றுக்கொண்டான். நாகராஜன் சார் போன் பண்ணினால் லூர்துதான் எடுப்பாள்.

"அருள் எங்கம்மா?"

"தூங்குறாரு சார்."

"எழுப்பி ஒரு வார்த்த..."

"எழுப்புனா சரின்னுதான் சார் சொல்வாரு. அதான் எழுப்பல."

கம்பெனியில் எனக்குத் தூங்குமூஞ்சி என்ற பட்டம் வந்தது. நான் வைத்த பட்டம், என்னிடமே திரும்பி வந்தது. ஆனால் கை நடுக்கம் நின்றது. எரிந்து விழுவது குறைந்தது. ராத்திரி கேஜ் கிளாஸ் ஒன்று இரண்டாகத் தெரிவதும் நின்றது. நான்கு மணி நேரம் போதும் என்று பீற்றிக்கொண்ட காலத்தில் அது எனக்கு இரண்டாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து சிவக்குமார் வேறு கம்பெனிக்குப் போனான். மறுபடியும் அதே அறை, அதே மெத்தை நாற்காலி. இந்த முறை தூங்கி எழுந்து போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தண்ணி தெரியலன்னா?" என்றார். தெளிவாகச் சொன்னேன். வேலை கிடைத்தது.

தம்பிகளா, நான் சொல்ல வந்தது இதுதான். தூங்காமல் உழைப்பதைத் திறமை என்று நினைக்காதீர்கள். தூக்கம் கெட்ட ஆளுக்குத் தெரிந்த வேலையும் சமயத்தில் கைகொடுக்காது. மண்டபத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கதவைப் பூட்டுங்கள்.

ஜெனரல் ஷிப்ட் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லூர்து எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"முழிச்சினுதான இருக்கீங்க?"

"ஆமா."

"பிச்சாவரம் போவலாமா? படகுல?"

சிதம்பரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் போனதில்லை.

"சரி, போவலாம்" என்றேன்.

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கிளைகள் தாழ்ந்து நிழலாக இருந்தது. "அங்க பாரு லூர்து, கொக்கு" என்று திரும்பினேன். அவள் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷத்துத் தூக்கமோ.

படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். "இதோட திருப்பிடலாமா சார்?"

"வேணாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போங்க," என்றேன் மெதுவாக. "மெதுவாவே போங்க."