ரீசார்ஜுக்காகப் புருஷன்மார் சொன்ன பதில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாக மாதாவிடம் ஜெபத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுதினால் இதில் வருகிற பெண்ணுக்கு இன்னும் அடி விழுமோ என்ற பயம். இப்போது அவள் பிள்ளையோடு தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். "எழுதுக்கா, பேரு மட்டும் வேணாம்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு நான் தலைவி. குடும்பத்தில் பெண்கள் படும் பாட்டை ஆராய்ச்சி செய்த ஒரு பெண், கல்வராயன் மலைக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். பெண்களோடு உட்கார்ந்து பேசினோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆராய்ச்சிக்காரிக்குக் கண் கலங்கியது.

"இதையெல்லாம் அப்படியே போன்ல போடுங்க. கேள்வியெல்லாம் இருக்கிற லிங்க் அனுப்புறேன். பதில் போடுற நம்பருக்கு ரீசார்ஜ் உண்டு" என்றாள்.

அங்கே வீட்டுக்கு ஒரே போன். அதுவும் புருஷன் சட்டைப்பையில். அதை அப்போதே சொன்னேன்.

"கேட்டா குடுப்பாங்கக்கா" என்றாள்.

குழு வேலையாக மறுபடி மலைக்குப் போனேன். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஆண்கள் கூட்டம்.

"இன்னாடா கேக்குது?"

"கணவர் உங்களை அடிப்பாரான்னு கேக்குது."

"நீ இன்னா போட்ட?"

"இல்லவே இல்லன்னு தட்டிட்டேன். நான்தானடா கணவரு, எனக்குத் தெரியாதா?"

ஒரே சிரிப்பு. தட்டியவன் அந்தக் கைக்குழந்தைக்காரியின் புருஷன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கிருந்தே ஆராய்ச்சிக்காரிக்குப் போன் போட்டேன். "ஒரு பொம்பளையும் பதில் போடலம்மா. எல்லாம் இவனுங்க தட்டுனது. தூக்கிப் போடு."

"ஐயோ அக்கா, வேண்டிய அளவுக்குப் பதில் வந்துடுச்சு. மறுபடி மொதல்லருந்து என்னால முடியாது. வுடுங்க."

விட்டுவிடுவதா? அந்த மலையில் பெண்களுக்கு அடி உதை குறைவு என்று கடைசியில் எழுதியே முடித்துவிட்டாள். அன்றைக்குக் கண் கலங்கினாளே, அது எதற்கு? ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

"நான் சொன்னது போய்ச் சேந்துச்சாக்கா?" என்று அந்தக் கைக்குழந்தைக்காரி கேட்டாள். மாதா டாலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பொய் சொல்ல முடியுமா? "சேரலம்மா" என்றேன்.

முதல் நாள் எங்களிடம் அவள் சொன்னது இதுதான்: "அது குடிச்சிட்டு வந்தா புள்ளைய தூக்கிகினு காட்டுக்குள்ள ஓடிடுவேன். மழையில நனஞ்சிகினு கெடப்போம். கரடி வந்தாலும் வரட்டும், வூட்டுக்குப் போவ மாட்டேன்."

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை அவள் பதிலை மாற்றிவிட்டார்கள். நீங்களாவது அவள் வாயில் வந்தபடியே சொல்லுங்கள்.