யூமியும் மாடி வீட்டு உமாவும்

தண்ணீர் தெளித்த காட்டன் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாசனை வருமே... கரிச்சூடும் ஈரமும் கலந்த வாசனை. மதுரை சிம்மக்கல்லில் எங்கள் தெருவுக்குக் காலை ஆறரைக்கே அது வந்துவிடும். முருகேசண்ணனின் தள்ளுவண்டி எங்கள் வாசலை ஒட்டித்தான் நிற்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலை. அங்கே புது மெஷினை நிறுவி, ஆட்களைப் பழக்க ஜப்பானிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாள். பெயர் யூமி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஓட்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் மாடி ரூம் காலியாக இருந்தது. குடிவந்துவிட்டாள்.

அம்மாவுக்கு அந்தப் பெயர்தான் பிரச்சினை.

"உமியா? நெல்லக் குத்துனா வாரதுக்குப் பேரு உமி. அதப் போயி யாராச்சும் புள்ளைக்கு வைப்பாகளா?"

அன்றைக்கே உமா ஆக்கிவிட்டாள். ஒரு வாரத்தில் தெருவுக்கே உமா. யூமியின் தமிழும் எங்கள் தெருவில் பொறுக்கியதுதான். "அண்ணே, இம்புட்டுத் துணிதான். சாயங்காலம் வாரேன்" என்று அவள் சொல்வதைக் கேட்கவே முருகேசண்ணன் வண்டியருகே ஆட்கள் நிற்பார்கள்.

ஒரு வருடம் முடியப்போனது. மெஷின் வேலை முடியவில்லை. விசாவை நீட்டிக்க வேண்டும். பேப்பர் வேலை முழுக்க என் பொறுப்பு. விண்ணப்பம், கம்பெனி லெட்டர், அம்மா கையெழுத்துப் போட்ட வாடகைப் பத்திரம், போட்டோக்கள்... வரிசையாக அடுக்கி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பெருமையோடு வந்தேன். அவள் அந்த முகவரியில்தான் இருக்கிறாள் என்று போலீஸ் வந்து பார்த்து எழுதுவது மட்டும்தான் பாக்கி.

விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது விசாரிக்கப் போனேன். கிளார்க் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

'மேற்படி நபர் கொடுக்கப்பட்ட முகவரியில் இல்லை.'

இப்படியே போனால் நீட்டிப்பு கிடையாது. ஒன்பது நாளில் அவள் பெட்டி கட்ட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சட்டப்படி தப்பு. அப்புறம் இந்தியாவுக்கு மறுபடி வருவதே கஷ்டம்.

வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யூமி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முருகேசண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ரெண்டு நாள் முந்தி ஒரு ஏட்டையா வந்தாரு பாப்பா. உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு. யூமின்னு ஒரு வெளிநாட்டுக்காரி இங்க இருக்காளான்னு கேட்டாரு. புள்ளையப் பிடிச்சுட்டுப் போக வந்திருக்காருன்னு நெனச்சேன். அப்படி யாரும் இந்தத் தெருவுலயே இல்லன்னு சொல்லிட்டேன்."

"அய்யோ... போலீஸ்ட்ட பொய் சொன்னீங்களாண்ணே?"

"பொய் எங்க சொன்னேன்? அவரு யூமின்னுல்ல கேட்டாரு? நம்ம புள்ள பேரு உமாதான?"

ஏட்டையா எதிர் வீட்டிலும் பால் கடையிலும் கேட்டிருக்கிறார். எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையே சொல்லியிருக்கிறார்கள்.

யூமி அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணே... எனக்காகவா?" என்று கேட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்துவிட்டது.

நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஏட்டையா பொறுமையாகக் கேட்டார்.

"தெருவே இல்லங்குது. நீங்க மட்டும் இருக்குன்னா எப்டிம்மா? நாளைக்குக் காலைல வாரேன். அந்தப் பிள்ளை வீட்ல இருக்கணும்."

மறுநாள் தெருவே குளித்துத் தயாராக நின்றது. அம்மா ஆளாளுக்குப் பாடம் எடுத்திருந்தாள். "உமா இல்ல. யூ... மி. எங்க, சொல்லுங்க?" ஏட்டையா பைக்கை நிறுத்தவில்லை, அதற்குள் நாலு குரல்.

"யூமி இங்கதான் சார் இருக்கு!"

அவர் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

"அன்னைக்கு இல்ல, இன்னைக்கு இருக்கா?" என்று முருகேசண்ணனை முறைத்தார்.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு துணிக்கட்டை எடுத்து நீட்டினார். யூமியின் கம்பெனி யூனிஃபார்ம். மேலே செருகியிருந்த சீட்டில் 'மாடி உமா' என்று அவர் கையெழுத்து. "ஒரு வருசமா நாந்தேன் சார் தேச்சுக் குடுக்குறேன்."

அதற்குள் யூமி பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்தாள். வந்தவள் அதை நீட்டவில்லை.

"வாங்க ஏட்டையா. அம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல காப்பி குடிங்க."

ஏட்டையா பாஸ்போர்ட் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தெருவுல வெளிநாட்டுக்காரி யாரும் இல்லன்னு இவரு சொன்னது பொய்யே இல்ல போலயே!"

தெருவே சிரித்தது. அவர் காப்பியைக் குடித்துவிட்டு, இஸ்திரி வண்டியின் மேலேயே பேப்பரை விரித்து எழுதினார். 'வசிக்கிறார்.' அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை பாடு... விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது நீட்டிப்பு வந்தது. அம்மா தெருவுக்கே கேசரி கிண்டினாள்.

பிற்பாடு கணவரின் வேலைக்காக நான்கு வருடம் வெளிநாட்டில் இருந்தோம். என் பெர்மிட்டை நானே ஒழுங்காகப் புதுப்பிப்பேன். எல்லாம் ஆன்லைன். பேப்பரை ஸ்கேன் செய்து ஏற்றினால், சில வாரத்தில் ஒரு மெயில் வரும். நிம்மதிதான். யாரும் வீடு தேடி வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பக்கத்து ஃபிளாட்டில் என் பெயர் தெரியாது. தப்பாகக்கூடத் தெரியாது. எனக்காக ஒரு பொய் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லையே என்று ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நிமிடம் தோன்றும்.

இப்போது மதுரைக்கே திரும்பிவிட்டோம். முருகேசண்ணன் கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டார். கரி வாசனை போய்விட்டது. என்னைப் பார்த்தால் கேட்கும் கேள்வி மட்டும் போகவில்லை. "உமா எப்டி இருக்கு?"

போன வாரம் அவரைப் போட்டோ எடுத்து, ஜப்பானுக்குத் திரும்பிவிட்ட யூமிக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ். அத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே சிம்மக்கல் தமிழ்.

"அண்ணேட்ட சொல்லு... யாராச்சும் வந்து கேட்டா, உமா மாடியிலதேன் இருக்கான்னு சொல்லட்டும்."