துரையின் பந்து நேராகப் போன கதை

நண்பர்களே, இன்று காலை எங்கள் சுரங்கத்து வெள்ளைக்கார மேனேஜர் துரைக்கு நான் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தேன். அந்த மட்டையை நான் தொட்டதுகூட இல்லை.

துரை அடிக்கும் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து, மைதானத்தை ஒட்டிய எங்கள் கொல்லையில்தான் விழும். நேற்று புதுத் தண்ணீர்ப் பானை உடைந்தது.

"ஆபீஸ்ல அவரு எழுதுற காயிதத்தையே திருத்துறீங்க. இதத் திருத்த முடியாதா இன்னா?" என்றாள் மனைவி.

மைதான ஓரம் நின்று பார்த்தேன். மட்டை வெளியிலிருந்து உடம்பை நோக்கிக் குறுக்கே வந்தது; பந்து வளைவது அதனால்தான். வெகுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளிருந்து வெளியே வீசிப் பார்க்கலாம் என்று பணிவாகச் சொன்னேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டேன்.

அப்படியே அடித்தார். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

ஆனால் வளைவுக்கு ஈடுகட்ட அவர் வழக்கமாக இடப்பக்கம் பார்த்து நிற்பவர். அது எனக்குத் தோன்றவில்லை. இடப்பக்கம் கிளப் வராந்தாவில் துரைசானி விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பீங்கான் கெட்டிலின் மூக்கு போயிற்று.

"நம்ம பானை முழுசா இருக்குதில்ல? அப்புறம் இன்னாங்க?" என்றாள் மனைவி.

நாளை துரைசானி என்னை வரச் சொல்லியிருக்கிறார். துரையைப் பழையபடியே அடிக்க விடச் சொன்னால், அதை என் மனைவியிடம் உங்களில் யார் வந்து சொல்வீர்கள்?