மங்கலான பார்கோடு

டெலிகாம் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் என் வேலையும் போனது. மகளை டேகேரில் விட்டுவிட்டுக் கண்ட வேலைக்கெல்லாம் அப்ளை பண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நாங்கள் இருந்த அமெரிக்க ஊரான ஆலனில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கிய ஒருவர் கூப்பிட்டார். கீழக்கரைக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘பாய்’தான். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் ஆபீஸ். கடையில் இருக்கும் பொருளின் பார்கோடைச் செல்போனால் படம் எடுத்தால் அதன் விவரமெல்லாம் திரையில் வரவேண்டும் என்பது அவர் திட்டம்.

அன்றைய போன் கேமராக்களுக்குக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. பக்கத்தில் கொண்டுபோனால் கறுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூச்சாகிவிடும். அந்தப் படத்தைத் தெளிவாக்க நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீழ் வரியைப் படிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரியவில்லை, உருண்டையாக ஏதோ ஒன்று இருந்தது. ‘ஓ’ அல்லது ‘சி’, வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று நினைத்து ‘ஓ’ என்றேன். சரியாக இருந்தது. நாற்காலியில் இருந்தபடியே எனக்குப் பரபரப்பாகிவிட்டது. ஆங்கில எழுத்திலாவது இருபத்தாறு உண்டு. பார்கோடில் இருப்பது பத்தே எண்கள்தானே!

நேராக ஆபீசுக்குப் போனேன்.

“பாய், படத்தை ஷார்ப் பண்ணவே வேணாம். ஜீரோலேருந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொரு நம்பரோட கோடுகளையும் நாமளே மங்கலாக்கி வச்சுக்குவோம். எது போட்டோவோட மேட்ச் ஆகுதோ, அதான் ஆன்சர்.”

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, “இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. மொதல்ல பேட்டன்ட் அப்ளை பண்ணிடுவோம். இன்வென்டர்னு உங்க பேரைத்தான் போடணும்” என்றார்.

“கம்பெனி உங்களோடது, பாய்.”

“கம்பெனி என்னோடது. ஐடியா உங்களோடது இல்லையா?”

விண்ணப்பம் போட்ட பிறகு, பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்றின் அதிகாரியைப் பார்க்கப் போனோம். நாங்கள் கொண்டுபோன பெட்டிகளை அவர் ஒதுக்கிவிட்டு, குப்பைக்கூடையிலிருந்து ஒரு கசங்கிய சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அதை நீவி, போனைக் காட்டினேன். படித்துவிட்டது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் படித்தது.

“பிரமாதம். ஆனால் எங்களுக்கு வேண்டாம்” என்றார் அவர். “வாடிக்கையாளர்கள் என் கடைக்குள் நின்றுகொண்டே அடுத்த கடை விலையைப் பார்ப்பார்கள். அதற்கு நானே வழி செய்து தருவதா?”

திரும்பும்போது ஃப்ரீவேயில் பாய் வாடிய முகத்தோடு டிரைவ் பண்ணினார். எனக்கோ சிரிப்பு வந்தது.

“ஏம்மா சிரிக்கிறீங்க?”

“இது வேலை செய்யலன்னு அவர் சொல்லல பாய். வேலை செய்யுதேன்னு பயப்படறார். கடைக்காரங்க பயந்தாங்கன்னா, வாங்கறவங்களுக்கு இது வேணும். நாம போக வேண்டிய இடம் கடை இல்ல, போன் கம்பெனி.”

அவர் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து கடைகளை விட்டுவிட்டோம்.

பேட்டன்ட் அலுவலகம் முதலில் மறுத்தது. இதேபோல முன்பே ஒருவர் செய்திருக்கிறார் என்றது. அந்த அலுவலகத்தின் பரிசோதகரிடம் எங்கள் வக்கீல் பேசுவதாக இருந்தது. நானே பேசுகிறேன் என்று போனை வாங்கினேன். “முன்பு செய்தவர் மங்கலான படத்தைத் தெளிவாக்குகிறார். நான் அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை” என்று தொடங்கி, பரிசோதகரின் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன். சில மாதங்கள் கழித்து பேட்டன்ட் கிடைத்தது.

அடுத்த வருடம் டெக் கம்பெனிகள் நிறைந்த பே ஏரியாவிலிருந்து ஒரு போன் கம்பெனியின் எஞ்சினியர்கள் வந்தார்கள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டே பாயோடு கைகுலுக்கக் கை நீட்டினார்கள். அவர் ஒதுங்கி நின்று என்னைக் காட்டினார். போர்டில் எழுதி எழுதி விளக்கினேன். அவர்கள் எங்கள் பேட்டன்ட்டைப் பயன்படுத்த லைசென்ஸ் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அன்று மாலை மகளை அழைத்துவரப் போகும் வழியில், சிக்னலில் கார் நின்றபோது, ரேடியோவை அணைத்துவிட்டுத் தனியாக, சத்தமாகச் சொன்னேன்: “நான்தான் பண்ணேன்.” பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவையும் சொன்னேன்.